குடியை விட்டவர் கையில் என்ன கிளாஸ் கொடுப்பது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"என் வீட்டுக்காரர் குடியை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. வரும் மே மாதம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். அன்றைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில் அவருடைய நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று 25 பேர் இருப்பார்கள். யாருக்கும் மது கிடையாது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்துவிட்டோம். அதற்கு ஒத்திகையாக வர்ஜின் மொஹீட்டோ செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய மின்ட் சிரப், மிக்ஸியில் அடித்த புதினா, எலுமிச்சை, சோடா எல்லாம் சேர்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, 'இருமல் மருந்துல சோடா ஊத்துன மாதிரி இருக்குது' என்றார். அவருக்கு இனிப்பே பிடிக்காது. பெரியவர்கள் ரசித்துக் குடிக்கிற மாதிரி வீட்டிலேயே என்ன செய்யலாம்? ஆல்கஹால் இல்லாத பீர் வாங்கி வைக்கலாமா? மாமனாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. அன்பளிப்பாக வந்த செம்பு டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தால் அழகாக இருக்குமே?"

அன்புச் சகோதரிக்கு,

பல வருஷம் ஹோட்டல் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன், இப்போது கேட்டரிங் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்காரருக்கு நாக்கு நன்றாக வேலை செய்கிறது. அவர் சொன்னது சரி.

முதலில் பீர் கேள்வியை முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அதனால் 'நான் ஆல்கஹாலிக்' என்று விற்கிற எல்லாவற்றிலும் சுத்தமாக ஆல்கஹால் இல்லை என்று அர்த்தமில்லை. 0.0 என்று போட்ட பாட்டில்களும் வருகின்றன. ஆனால் அளவு மட்டுமே பிரச்சினை இல்லை. அந்த வாசனை, நுரை, பாட்டிலைப் பிடிக்கிற விதம் எல்லாமே பழக்கத்தைக் கிளப்பிவிடக்கூடியவை. சிலருக்கு அது ஒன்றும் செய்யாது, சிலருக்குப் பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடும். உங்கள் வீட்டுக்காரர் எந்த ரகம் என்று அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்காமல் ஆச்சரியப்படுத்துவதற்காக வாங்கி வைக்காதீர்கள். அவரே தயங்கினால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம். குடியை நிறுத்த அவர் டைசல்ஃபிராம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், சிறிதளவு ஆல்கஹால்கூட உடம்புக்கு ஆகாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரை போகும். மாக்டெயில், அதாவது மது இல்லாத காக்டெயில் வீடியோக்களில் கடைசியாக 'ரெண்டு சொட்டு பிட்டர்ஸ்' என்று ஒரு சின்ன பாட்டிலைத் தட்டுவார்கள். அங்கஸ்துரா பிட்டர்ஸ் என்ற அந்தக் கசப்புச் சாற்றில் 44.7 சதவீதம் ஆல்கஹால், அதாவது பிராந்தியைவிடக் கொஞ்சம் கூடுதல். வெனிலா எக்ஸ்ட்ராக்டிலும் ஆல்கஹால் உண்டு. கொம்புச்சா போன்ற புளிக்கவைத்த பானங்களிலும் கொஞ்சம் ஊறியிருக்கும். இவை எதுவும் உங்கள் மாடிக்கு ஏற வேண்டாம்.

இனி, அந்த மொஹீட்டோவுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

மதுவில் ஒரு எரிப்பு இருக்கிறது. அதனால்தான் ஒரு கிளாஸை அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு பேச முடிகிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் சர்க்கரையை நிரப்பினால், தாகத்துக்கு ரெண்டு மடக்கில் காலியாகிவிடும். இல்லையென்றால் திகட்டிப்போய் அப்படியே மேஜையில் உட்கார்ந்துவிடும். நாக்கை நிறுத்திவைக்க வேறு ஏதாவது வேண்டும். இஞ்சியின் காரம், டீயின் துவர்ப்பு, நார்த்தங்காயின் கசப்பு, ஒரு சிட்டிகை உப்பு, இதில் ஏதாவது ஒன்று. பெரியவர்களுக்கான பானம் என்பது இவ்வளவுதான். இனிப்பு பின்வரிசையில் உட்கார வேண்டும்.

கடையில் வாங்கும் சிரப்பில் 30 மில்லி ஊற்றினாலே 20 கிராமுக்கு மேல் சர்க்கரை வந்துவிடுகிறது. கூடவே செயற்கை வாசனை. உங்கள் 'இருமல் மருந்து' அங்கேதான் இருக்கிறது. வீட்டிலேயே பாகு செய்யுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, கரைகிற வரைக்கும் சூடு, கொதிக்கவிட வேண்டியதில்லை. ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஒரு கிளாஸுக்கு இதில் 20 மில்லி போதும், சுமார் 12 கிராம் சர்க்கரை. உங்கள் வீட்டுக்காரருக்கு 10 மில்லியில் ஆரம்பியுங்கள். அளக்க பெக் மெஷர் தேவையில்லை, குழந்தைகளின் காய்ச்சல் மருந்தோடு வருகிற பிளாஸ்டிக் மூடியே போதும், அதில் மில்லி கோடு போட்டிருக்கும்.

புதினாவை மிக்ஸியில் அடித்ததுதான் பெரிய தவறு. இலையை நார்நாராகக் கிழித்தால் பச்சை வாடையும் கசப்பும் இறங்கும், கொஞ்ச நேரத்தில் நிறமும் கறுத்துவிடும். புதினாவின் மணம் இலையின் மேல்தோலில்தான் இருக்கிறது. காம்பு நீக்கிய எட்டுப் பத்து இலைகளைக் கிளாஸில் போட்டுப் பருப்பு மத்தின் அடியால் நாலு தடவை அழுத்தினால் போதும். இலை முழுசாகத்தான் இருக்க வேண்டும், கொஞ்சம் வாடினது போல. மேலே செருகும் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிவிட்டுச் செருகுங்கள்.

எலுமிச்சையைத் தோலோடு துண்டு போட்டு நசுக்கி முன்கூட்டியே ஊறவைப்பதும் கசப்பைக் கொண்டுவரும். சாற்றை அன்றைக்கு மதியம் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும், முந்தின நாளே பிழிந்து வைக்காதீர்கள். வெறும் சாறுகூட நேரமாக ஆக மெல்லக் கசக்கும்.

சோடா கடைசியில். இதை என் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. வாயு குளிர்ந்த தண்ணீரில்தான் தங்கும். சூடான சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி எல்லாம் மேலே போய்விடும், கீழே சப்பென்ற தண்ணீர்தான் மிஞ்சும். பாட்டிலை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிளாஸில் மற்றதெல்லாம் கலந்து, ஐஸ் நிரப்பி, அதன்பின் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தூக்கு. கலக்கோ கலக்கென்று கலக்க வேண்டாம்.

இப்போது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நிறைய வகை வைக்காதீர்கள். 25 பேருக்கு மூன்று பானம், அதோடு ஒரு மோர். அவ்வளவுதான்.

முதலாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது: உப்பு நார்த்தங்காய் சோடா. வெயிலில் காயவைத்த உப்பு நார்த்தங்காய் உங்கள் வீட்டு ஜாடியிலேயே இருக்கும், இல்லையென்றால் பழனி, திண்டுக்கல் பக்கம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிற அந்தக் கறுத்த துண்டில் புளிப்பு, கசப்பு, உப்பு மூன்றும் ஒன்றாகவே இருக்கிறது. வியட்நாமில் எலுமிச்சையை உப்பில் ஊறப்போட்டு, அதை சோடாவில் நசுக்கிக் கொடுப்பார்கள். சாய்கோன் தெருக்களில் சாதாரணமாகக் கிடைக்கும். நம்மிடம் அதைவிட வீரியமான பொருள் இருக்கும்போது ஏன் மின்ட் சிரப் தேடி அலைய வேண்டும்?

கட்டைவிரல் நகம் அளவு துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் போட்ட ஊறுகாய் வேண்டாம், வெறும் உப்பில் காய்ந்தது. இரண்டு ஸ்பூன் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறட்டும். கிளாஸில் போட்டு மத்தால் நன்றாகவே நசுக்கலாம், இதற்குப் புதினா போல மரியாதை தேவையில்லை. அதில் 10 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி பாகு, கிளாஸ் நிறைய ஐஸ், மேலே 150 மில்லி சோடா. தனியாக உப்பு போடக் கூடாது. முதல் வாயில் புருவம் தூக்குவார்கள், இரண்டாவது வாயில் 'இது என்ன' என்று கேட்பார்கள். மெதுவாகத்தான் குடிக்க முடியும், நமக்கு வேண்டியதும் அதுதான். உங்கள் மாமனாருக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள், பிரஷருக்கு உப்பு அதிகம்.

இரண்டாவது இஞ்சி. கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். பிழிந்த சாற்றை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொண்டு, அடியில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். தெளிவுக்குச் சம எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து இளஞ்சூட்டில் கரையுங்கள், கொதித்தால் இஞ்சியின் மணம் பறந்துவிடும். ஒரு கிளாஸுக்கு இது 20 மில்லி, எலுமிச்சை 20 மில்லி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு நாலு, ஒரு சிட்டிகை கல்லுப்பு, ஐஸ், சோடா. தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு தெரியும். மது குடித்துப் பழகியவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்தச் சூட்டைத்தான், அது இஞ்சியிலேயே கிடைத்துவிடுகிறது. சுக்கும் ஏலக்காயும் போட்டு ராமநவமிக்குப் பானகம் கரைக்கிற வீடுகளில் இதைப் புதுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, சிவப்பாக, சோடா இல்லாமல். கம்பம் பன்னீர் திராட்சை திருப்பூர் மார்க்கெட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுவடை நடப்பதால் மே மாதத்திலும் கஷ்டமிருக்காது. ஒரு கிலோவை நன்றாகக் கழுவி, கையால் பிசைந்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கசக்கும். இன்னொரு பக்கம், ஒரு லிட்டர் கொதிநீரில் 15 கிராம் நீலகிரித் தேயிலை, நாலு நிமிஷம், வடிகட்டி. இதைச் சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும். வெளியிலேயே ஆறட்டும், பிறகு வையுங்கள். நீலகிரித் தேயிலை மற்றதைவிடக் கலங்குவது குறைவு, ஐஸ் டீக்கு அதை உலகம் முழுக்க விரும்பி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பரிமாறும்போது 60 மில்லி திராட்சைச் சாறு, 60 மில்லி டிகாக்‌ஷன், ரெண்டு டீஸ்பூன் தெளிந்த புளிக்கரைசல். புளியா என்று தயங்காதீர்கள். திராட்சைக்குப் புளிப்பைக் கொடுப்பது டார்டாரிக் அமிலம், புளியில் இருப்பதும் அதேதான். இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதால் புளி போட்டது யாருக்கும் தெரியாது, திராட்சை மட்டும் திடீரென்று விறைப்பாகத் தெரியும். டீயின் துவர்ப்பு வாயை லேசாகப் பிடிக்கும். சர்க்கரை ஒரு துளிகூட வேண்டாம். இது சிவப்பு ஒயினுக்குக் கிட்டே வருகிறது, அதனால் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். அவருக்குச் சங்கடமாக இருந்தால் இதை விட்டுவிட்டு நன்னாரியும் எலுமிச்சையும் போட்டுக் குலுக்கி சர்பத் வைத்துவிடலாம். திராட்சைச் சாற்றை அன்றைக்கே பிழிந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது, வெளியே கிடந்தால் தானாகப் புளித்து, நீங்கள் வேண்டாம் என்று வைத்ததாகவே மாறும். பதநீர் ஏற்பாடு செய்யலாம் என்று யாராவது சொன்னாலும் இதே கதைதான். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் கள்ளுக்குப் பாதி வழி போயிருக்கும்.

குலுக்கி சர்பத்துக்கு ஷேக்கர் வாங்க வேண்டியதில்லை. இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் 20 மில்லி நன்னாரிப் பாகு, 25 மில்லி எலுமிச்சை, கீறின பச்சை மிளகாய் ஒன்று, 100 மில்லி தண்ணீர், கைநிறைய ஐஸ். பதினைந்து எண்ணும்வரை வேகமாகக் குலுக்கி, டப்பாவின் வெளிப்புறம் வியர்த்ததும் நிறுத்துங்கள். ஊறவைத்த சப்ஜா ஒரு ஸ்பூன். சோடா உள்ள எதையும் டப்பாவில் போட்டுக் குலுக்கிவிடாதீர்கள், மூடி கூரைக்குப் போகும்.

மாமனாருக்கு நீர்மோர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு மிகக் குறைவாக. இதையும் ஐஸோடு டப்பாவில் குலுக்கி, நுரையோடு மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கண்ணாடி கிளாஸில் கொடுங்கள். அவருக்கு மட்டும் சொம்பில் மோர் வந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கும் இதே விதிதான்: எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கிளாஸ் இருந்தால், 'நீ என்ன குடிக்கிறே' என்ற கேள்வியே வராது.

'டானிக் வாட்டர்' பாட்டிலைப் பார்த்து சோடா என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதன் கசப்பு கொய்னாவினால் வருவது; 1860களில் ஆங்கிலேயர் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் தோட்டம் போட்டார்களே, அந்தச் சிங்கோனாப் பட்டையின் சரக்கு. கசப்பு என்பதால் சர்க்கரை இல்லை என்று தோன்றும். ஆனால் சாதாரண டானிக்கில் 100 மில்லிக்கு எட்டு ஒன்பது கிராம் இருக்கிறது. கர்ப்பிணிகள், இதயத்துடிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. எனக்கு அதன் ருசி பிடிக்கும், ஆனாலும் வகைவகையான ஆட்கள் வருகிற கூட்டத்துக்கு நான் வைக்க மாட்டேன்.

கணக்கு சொல்லிவிடுகிறேன். தலைக்கு இரண்டு கிளாஸ் என்றால் 50 கிளாஸ். நம் ஊர் எலுமிச்சை ஒன்றில் 15 முதல் 20 மில்லி சாறுதான் வரும், 60 பழம் வாங்குங்கள், மிஞ்சினால் ஊறுகாய். சோடா 750 மில்லி பாட்டில் பத்து. ஐஸ்தான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். மே மாத மாடியில் தலைக்கு அரை கிலோ ஆகும். வீட்டு ஃப்ரீசரில் 12 கிலோ தேறாது, குடிநீரில் செய்து பாக்கெட் போட்டு விற்கும் ஐஸ் வாங்குங்கள். மீன் வண்டிக்குப் போகிற பாளக்கட்டியை உடைத்துப் போடுகிற வேலை வேண்டாம். அரைக் கிளாஸ் ஐஸ் போட்டால் சீக்கிரம் உருகித் தண்ணீராகும், முழுசாக நிரப்பினால் ஒன்றுக்கொன்று குளிர்ச்சியைக் காத்துக்கொண்டு நிற்கும். புளிப்பும் பாகும் மிளகும் சேர்ந்த கலவையை ஜக்குகளில் முன்னாடியே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், மாடியில் ஐஸும் சோடாவும் மட்டும்தான் வேலை. நீங்களும் உட்கார்ந்து பேசலாம்.

தம்பி, மச்சான் யாராவது புகை வருகிற மாதிரி செய்யலாம் என்று டிரை ஐஸ், திரவ நைட்ரஜன் என்று கிளம்பினால் கறாராக மறுத்துவிடுங்கள். புகை பிஸ்கட் விவகாரத்தில் 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்ததே இந்த நைட்ரஜனுக்காகத்தான். விழுங்கினால் குடலையே பொசுக்கும்.

கடைசியாக அந்தச் செம்பு டம்ளர்கள். தண்ணீர் வைக்கலாம், அழகுக்கு வைக்கலாம். எலுமிச்சை, புளி, மோர் எதுவும் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து பானத்தில் இறங்கும், வயிற்றைப் பிரட்டும். உள்ளே எவர்சில்வர் பூச்சு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இப்போது வருகிற பலவற்றில் வெளியே மட்டும்தான் செம்பு. உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் தாராளமாக இஞ்சி சோடாவை அதிலேயே ஊற்றுங்கள், வெளிப்பக்கம் பனித்துளி கோர்த்துக்கொண்டு நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கும். உள்ளேயும் செம்பு என்றால் அன்றைக்கு அதில் புதினாக் கொத்தைத் தண்ணீர் விட்டுச் செருகி மேஜை நடுவில் வைத்துவிடுங்கள்.